வெளுத்த பிள்ளைக்குக் கெராங்

முதல் நாள் அந்த வீட்டில் இருந்தவர்கள்: இராஜம்மா அக்கா, அவளுடைய மகள் சந்திரிகா, பக்கத்து வீட்டு அப்பளசாமி மண்டோர், நான். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோரை யாரும் கூப்பிடவில்லை. கெராங் வாசனை அவரைக் கூப்பிட்டது. விடியற்காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் இரவு வேலை முடிந்து நேரே வந்திருந்தேன்.

நீங்கள் மலைப்பக்கத்துக்காரர் என்று சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். அதனால் கெராங்கைப் பற்றி ஒரு வார்த்தை. அது கடலோரச் சேற்றில் புதைந்து கிடக்கும் சிப்பி. குழம்பு வைப்பவர்களும் உண்டு. எங்கள் தோட்டத்தில் கொதிநீரை மேலே ஊற்றி, சட்டியை மூடி, சற்று நேரத்தில் வடித்துவிடுவார்கள். அதிகம் வெந்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். பதமாக வெந்ததைப் பிளந்தால் உள்ளே சிவந்த நீர் நிற்கும். பார்ப்பதற்கு இரத்தம்தான். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்தில் அதை இரத்தம் என்றே சொல்வார்கள். பிள்ளை பெற்றவளுக்கும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கும், முகம் வெளுத்த குழந்தைக்கும் அதைக் கொடுத்தால் உடம்பில் இரத்தம் ஊறும் என்று ஒரு நம்பிக்கை. முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது. அதில் இரும்புச் சத்து உண்டு. வேறு சத்தும் இருந்தது.

அப்பளசாமி மண்டோர் உங்களிடம் சொன்னதில் பெரும்பாலும் சரி. ஒன்று மட்டும் தப்பு. நான் விஷம் வைத்தேன் என்றாராம். நான் எதையும் வைக்கவில்லை. லயத்தை ஒட்டிக் கடலில் கலக்கும் ஓடையில் எடுத்ததை எடுத்தபடியே கொடுத்தேன். சேறு போகக் கழுவிக்கூடக் கொடுத்தேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் இரசாயனம் படித்தேன். இந்தத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான். பஸ் ஸ்டேஷன் வரைக்கும் மாலை போட்டு அழைத்துப் போனார்கள். மூன்றாம் ஆண்டுக்குத் திரும்பிப் போகவில்லை. காதல் தோல்வி, குடி, அரசியல் எதுவும் இல்லை. காலையில் எழுந்து வகுப்புக்குப் போக உடம்பு மறுத்தது. ஒரு நாள் மறுத்தது, மறுநாளும் மறுத்தது, பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஊருக்குத் திரும்பி, அசாம் ஜாவா தாண்டி ஓடைக்கரையில் இருக்கும் தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் சேர்ந்தேன். பழைய கார் பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கிக் கட்டியாக வார்ப்பார்கள். இரவில் யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

லயத்தில் என்னைப் 'புரொபசர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். காலையில் வந்து மோட்டர் சைக்கிளை நிறுத்தும்போதே மண்டோர் கேட்பார்.

"என்னா புரொபசர், நேத்து எத்தன பேட்டரிக்குப் பாடம் எடுத்தே? எல்லாம் பாஸா?"

"பாஸ்தான் மண்டோரே."

"நீ ஒருத்தன்தான் பெயிலு போல லா."

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இராஜம்மா அக்கா மட்டும் அப்படிக் கேட்டதில்லை. ஏன் படிப்பை விட்டாய் என்றுகூட ஒரு நாளும் கேட்டதில்லை. சாப்பிட்டியா என்பாள். இல்லை என்றால் தட்டு வைப்பாள். அவள் புருஷன் லோரி ஓட்டியவன். பத்தாங் பெர்ஜுந்தை ரோட்டில் லோரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். அவள் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கிப் பிள்ளையை வளர்த்தாள். எனக்குச் சொந்தம் இல்லை. ஆனாலும் சந்திரிகாவுக்கு நான் மாமாதான்.

இப்போது ஓடைக்கு வருகிறேன். பேட்டரி கழுவிய தண்ணீர் ஒரு தொட்டியில் சேரும். அதில் சுண்ணாம்பு போட்டு, ஈயத்தை அடியில் தங்க வைத்து, தெளிந்ததை மட்டும் வெளியே விட வேண்டும். சுண்ணாம்புக்கும் செலவு, அடிமண்டியை அள்ளுவதற்கும் செலவு. அதனால் கடல்நீர் வற்றும் நேரம் பார்த்துத் தொட்டியை அப்படியே ஓடைக்குத் திறந்துவிடுவார்கள். வற்றும் நீர் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது மேஸ்திரியின் கணக்கு. வால்வைத் திறந்தது நான். அது எனக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று. நான் திறக்காவிட்டால் அடுத்தவன் திறந்திருப்பான். இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. நடப்பு அப்படி.

நீர் இழுத்துக்கொண்டு போகும்தான். ஆனால் ஈயம் கனமானது, சேற்றில் தங்கிவிடும். கெராங் சேற்றில் வாய் திறந்து கிடக்கும் பிராணி. வடிகட்டி வடிகட்டித் தின்னும். சேற்றில் இருப்பதெல்லாம் அதன் உடம்பில் சேரும், வெளியே போகாது. மடவை, கெளுத்தி மாதிரி மீன்களின் சதையில் அவ்வளவு தங்காது; எலும்பிலும் தலையிலும் தங்கும். எங்கள் ஆட்கள் மீன்தலையைத்தான் விரும்பி உறிஞ்சுவார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் பக்காவ் என்னும் அலையாத்தி மரங்கள், இந்தப் பக்கம் எங்கள் லயம். லயத்தில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை வாளியோடு ஓடையில்தான் இருப்பார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கூடப் படித்தவன் ஒருவன் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறான். ஒரு பை கெராங் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் சோதித்துவிட்டு, "இத எங்கடா எடுத்தே? யாரும் திங்கறாங்களா?" என்று கேட்டான். அவன் எழுதிக் கொடுத்த ஈய அளவை எடுத்துக்கொண்டு அதிகாரியைப் பார்க்கப் போனேன். எந்த இலாகா என்று சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். அவர் நல்ல மனிதர். எனக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார். மலாயில் பேசினார், நான் தமிழில் சொல்கிறேன்.

"அளவு அதிகம்தான். மறுக்கல. ஆனா தம்பி, கெராங்க யாரு தினமும் சாப்புடறா? ஒரு ஆளு வாரத்துல ஒரு தடவ, ஒரு கை அளவு. அந்தக் கணக்குல பார்த்தா ஆபத்து இல்ல."

"தினமும் சாப்பிடறவங்க இருந்தா?"

"இருந்தா பிரச்சனைதான். ஆனா அப்படி நோயில விழுந்த ஒரு ஆளக் காட்டு. ஒரே ஒரு ஆளு போதும். நான் நாளைக்கே ஓடைய மூடறேன், பேக்டரியையும் மூடறேன். வெறும் நம்பர வெச்சி நான் என்ன செய்ய முடியும்?"

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றை வகுக்கும்போது, எல்லாரும் எப்போதாவது சாப்பிடுகிறவர்கள் என்று வைத்துக்கொண்டுதான் வகுக்கிறார்கள். எப்போதும் சாப்பிடுகிற ஒருவர் அந்தக் கணக்கில் இல்லை. அந்த ஒருவர் கிடைத்தால் கணக்கு மாறும்.

மோட்டரில் திரும்பி வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன்.

நானே சாப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதைத்தான் முதலில் யோசித்தேன். ஆனால் நான் ஈயத் தூசியில் வேலை செய்கிறவன். என் இரத்தத்தில் ஈயம் இருந்தால் வேலையால் வந்தது என்பார்கள், ஓடையைத் தொட மாட்டார்கள். மேலும் பெரியவர்கள் உடம்பு ஈயத்தை மெதுவாகத்தான் எடுக்கும். சிறு பிள்ளையின் குடல் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். பிள்ளைக்கு வந்தால் டாக்டர்களும் ஓடி வருவார்கள். பெரியவனுக்கு வந்தால் குடித்திருப்பான் என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். எங்கள் தோட்டத்தில் நடக்காததையா சொல்கிறேன்.

அப்படி யோசித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு வீடுதான் மிஞ்சியது. நானாகப் போய்த் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் ஏற்கெனவே கெராங் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். வாரத்தில் ஒரு நாள் சாப்பிட்டதைத் தினமும் சாப்பிடும்படி நான் பார்த்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

அந்த முதல் நாளுக்குத் திரும்புகிறேன். இராஜம்மா அக்கா கெராங்கைத் தட்டில் கொட்டினாள். மண்டோர் ஒன்றை எடுத்து ஊதி ஊதிப் பிளந்தார்.

"புரொபசரே, வேல முடிஞ்சி வந்து சேத்துல எறங்கியிருக்கே. தூக்கம் வரலியா?"

"வரல மண்டோரே."

"ஒரு பொண்ணப் பாத்துக் கட்டு, தூக்கம் தானா வரும்."

"அவனச் சீண்டாதீங்க," என்றாள் அக்கா. "எம்புள்ள மெலிஞ்சி போயிருக்குன்னு தம்பி தேடி எடுத்துட்டு வந்திருக்கு. இந்தக் காலத்துல கூடப் பொறந்தவனே செய்ய மாட்டான்."

சந்திரிகாவுக்கு அப்போது ஆறு வயது முடிந்திருந்தது. தோட்டப் பள்ளியில் முதலாம் ஆண்டு. கெராங்கை அவள் கட்டைவிரல் நகத்தால் பிளப்பாள். பெரியவர்களைவிட வேகம். பிளந்ததும் மூன்றாம் வாய்ப்பாடு சொல்வாள். ஒரு சிப்பிக்கு ஒரு வரி. தின்று முடித்த ஓடுகளை வாசலில் வரிசையாக நட்டு வைப்பாள். தட்டில் இருந்ததிலேயே பெரியதாக ஒன்றைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"மாமாவுக்கு."

"எனக்கு வேணாம்மா. நீ சாப்பிடு."

"பாரு," என்றாள் அக்கா, "மாமா ஒனக்காக விட்டுக் குடுக்குறாரு."

அதற்குப் பிறகு தினமும் அவள் பெரியதை எனக்கு நீட்டுவாள். நான் தினமும் வேண்டாம் என்பேன். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. நான் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்பே சிரித்துவிட்டு வாயில் போட்டுக்கொள்வாள்.

நான் அந்தப் பிள்ளையை நேசித்தேன், இன்ஸ்பெக்டர். இதை நீங்கள் நம்பாமல் போகலாம். நேசிக்காமல் இருந்திருந்தால் தினமும் காலையில் தூக்கத்தோடு முழங்கால் சேற்றில் இறங்கியிருக்க மாட்டேன்.

அக்கா அதிகம் சாப்பிடமாட்டாள். பிள்ளை தின்னட்டும் என்று தட்டைத் தள்ளிவைத்துவிடுவாள். அப்படித்தான் இரண்டு பேருடைய பங்கும் ஒரு பிள்ளைக்குப் போனது. நான் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் கவனித்தேன்.

முதலில் வயிற்று வலி வந்தது. பூச்சி என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். மலச்சிக்கல் என்று பப்பாளி கொடுத்தார்கள். நான் அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வயிற்று வலியைக் கொண்டுபோய் அந்த அதிகாரியிடம் காட்ட முடியுமா? எந்தப் பிள்ளைக்குத்தான் வயிற்று வலி வராது? அதனால் காத்திருந்தேன்.

பிறகு முகம் வெளுத்தது. உதடு, நகம், கண்ணின் உள்பக்கம் எல்லாம் வெளுத்தன. ஈயம் உள்ளே போனால் இரத்தம் உற்பத்தியாவதைக் கெடுக்கும். எங்கள் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரஸர் தங்கரத்தினம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், வயசானவர், கைராசிக்காரர். லயத்துக்கே வந்து பார்த்தார். நானும் பக்கத்தில் நின்றேன். பிள்ளையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"இரத்தம் நல்லாக் குறைஞ்சு போச்சு. மருந்துத் தண்ணி தாறன். ஈரல் குடுங்கோ, கீரை குடுங்கோ. பிள்ளை என்ன விரும்பித் தின்னும்?"

"கெராங்குன்னா உசுரு ஐயா."

"பிறகென்ன. அதுவும் நல்லதுதான். குடுங்கோ."

அக்கா என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

"கேட்டியா தம்பி? ஐயாவே சொல்லிட்டாரு. நீ கொண்டாந்து குடுக்குறது வீண் போகல."

"ஆமாக்கா," என்றேன். "கொஞ்சம் கூடவே எடுத்துட்டு வர்றேன்."

இந்த இடத்தில் நீங்கள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். பிறகு இதைக் கேட்டபோது மண்டோரும் அப்படித்தான் பார்த்தார். ஆனால் யோசித்துப் பாருங்கள். டிரஸர் ஐயா சொன்ன பிறகு நான் கொண்டுபோகாமல் இருந்தால் அக்கா தானே வாளியோடு ஓடைக்குப் போயிருப்பாள். பிள்ளை வெளுக்க வெளுக்கக் கெராங், கெராங் தின்னத் தின்ன வெளுப்பு. அது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. நான் உண்டாக்கியது இல்லை. நான் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை என்பதுதான் உண்மை.

ஒரு நாள் அவள் கொட்டாவி விட்டபோது ஈறின் ஓரத்தைப் பார்த்தேன். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் நீலமாக, பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கோடு. புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். படிப்பை விட்ட பிறகு, படித்தது ஒன்றைக் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குள் என்ன தோன்றியது என்று உண்மையைச் சொல்லவேண்டும் அல்லவா? முதலில் மகிழ்ச்சி தோன்றியது. பிறகு வெளியே போய்க் குழாயடியில் வாந்தி எடுத்தேன். இரண்டும் நடந்தது.

அதற்குப் பிறகு அவள் உடம்பு சீக்கிரமாக இறங்கியது. பள்ளியில் தூங்கி விழுகிறாள் என்று வாத்தியார் சொல்லி அனுப்பினார். வாய்ப்பாட்டில் மூவைந்து வரைக்கும் வருவாள். அங்கே நின்று, மேலே இருப்பதை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி கூரையைப் பார்ப்பாள். அம்மா திட்டினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கி அதே இடத்தில் நிற்பாள். பிறகு மணிக்கட்டு தொங்க ஆரம்பித்தது. கையை நீட்டச் சொன்னால் கை நீளும், விரல்கள் கீழே தொங்கும். கெராங்கைப் பிளக்க முடியவில்லை. நகத்தை வைப்பாள், வழுக்கும். மறுபடி வைப்பாள், வழுக்கும். அழவில்லை. என்னிடம் நீட்டினாள்.

"மாமா, தெறந்து குடு."

திறந்து கொடுத்தேன்.

வேறு என்ன செய்வது? தட்டை வாங்கிக் கீழே போட்டிருக்கலாம். எத்தனையோ தடவை அதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தட்டைத் தட்டிவிட ஒரு நொடி போதும். ஆனால் அப்படிச் செய்திருந்தால் அதுவரை அவள் பட்டதெல்லாம் வீணாகப் போயிருக்கும். பாதியில் விட்டவன் என்ற பெயர் எனக்கு ஏற்கெனவே இருந்தது.

ஒரு வரம்பு வைத்திருந்தேன். வலிப்பு வந்தால் அன்றே சொல்லிவிடுவது என்று. வந்தது. சொன்னேன். அந்த வாக்கை நான் மீறவில்லை.

காலை நேரம்தான். பள்ளிக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது விழுந்தாளாம். அக்கா போட்ட சத்தத்தில் லயமே கூடிவிட்டது. மண்டோர் தோட்டத்து எழுத்தரான கிராணியின் காரை எடுத்து வந்தார். பின்சீட்டில் அக்கா மடியில் பிள்ளை, பக்கத்தில் நான். பிள்ளையின் பல் என் விரலைக் கடித்துக்கொண்டிருந்தது. நாக்கைக் கடித்துவிடக் கூடாது என்று நான்தான் விரலை வைத்தேன். பாருங்கள், இன்னும் தழும்பு இருக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் மூளைக்காய்ச்சல் என்று நினைத்தார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். அவளைத் தனியே கூப்பிட்டு, "இரத்தத்தில் ஈயம் பாருங்கள்" என்றேன். ஏன் என்றாள். பேட்டரி ஆலையையும் ஓடையையும் கெராங்கையும் சொன்னேன். அவள் ஈறைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஓடினாள்.

வந்த எண்ணைப் பார்த்து அவளே நம்பாமல் மறுபடி இரத்தம் எடுத்தாள். ஈயத்தை வெளியே இழுக்க ஊசி போட்டார்கள். தொடையில் ஆழமாகப் போடும் ஊசி; பெரிய ஆளே கத்துவான். சந்திரிகா கத்தவில்லை. கத்துவதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. கண்ணைத் திறந்தபடியே கிடந்தாள்.

அதிகாரி வந்தார், இந்தத் தடவை அவராகவே. என் தோளில் கை வைத்தார். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார். காற்றில் வந்திருக்கலாமே, லயத்துத் தண்ணீரில் வந்திருக்கலாமே, கெராங்தான் என்று எப்படிச் சொல்வது? அவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. என் கூடப்பிறந்த அக்காவின் மகன் ராஜு எங்கள் வீட்டில்தான் வளர்கிறான். சந்திரிகா வயது, அதே லயம், அதே குழாய், அதே பள்ளி, அதே புகை. அவன் இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். பயப்படும்படி ஒன்றும் இல்லை. அவன் கெராங் சாப்பிடுவதில்லை. நான் முதல் நாளிலிருந்தே எங்கள் வீட்டில் அதை நிறுத்திவிட்டேன். ஓடை மீனையும் நிறுத்திவிட்டேன். லோரியில் வரும் மீன்தான். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிள்ளை இல்லாமல் எதையும் நிரூபிக்க முடியாது. இது முதலாம் ஆண்டிலேயே சொல்லிக் கொடுக்கும் பாடம்.

அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஓடைக்கரையில் பலகை நட்டார்கள். தொழிற்சாலையை நிறுத்தினார்கள். லயத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இரத்தம் எடுத்தார்கள். சிலருக்குக் கொஞ்சம் இருந்தது, சமாளிக்கக்கூடிய அளவு. இன்னும் சில வருஷம் அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த லயத்தில் இத்தனை பிள்ளைகள். அந்தப் பக்கம் மலாய்க்காரர் கிராமமான கம்பத்துப் பிள்ளைகள், பங்காளான் படகுத்துறைப் பக்கம் சீனர் வீட்டுப் பிள்ளைகள். ஒன்றைத் தராசின் ஒரு பக்கம் வையுங்கள், இத்தனையை மறுபக்கம் வையுங்கள். நான் கணக்கில் தப்பு செய்யவில்லை.

லயத்தில் என்னைப் புரொபசர் என்று மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை கேலி இல்லை. மண்டோர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் அன்னிக்கு டாக்டர்கிட்ட சொல்லாம இருந்திருந்தா..." என்றார். அக்கா கோயிலில் என் பெயரில் அர்ச்சனை செய்தாள். எங்கே பார்த்தாலும், "தம்பிதான் எம்புள்ள உசுரத் திருப்பிக் குடுத்துச்சு" என்றாள்.

அது எனக்குச் சரியாகப் படவில்லை. செய்யாத ஒன்றுக்கு நன்றி சொன்னால் கூச்சமாக இருக்கும் அல்லவா? நான் செய்தது அதைவிடப் பெரிய காரியம். அவளும் செய்தாள், பிள்ளையும் செய்தது. அது அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். தெரிந்தால் அக்கா பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் அழமாட்டாள், பெருமைப்படுவாள் என்று நினைத்தேன்.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்து சில வாரம் ஆகியிருந்தது. மத்தியான நேரம். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து, சந்திரிகாவைக் கால்களுக்கு நடுவே உட்கார வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் வாய் ஓரத்தில் எச்சில் வழிந்தது. அக்கா ஒவ்வொரு வாரலுக்கும் ஒரு தடவை முந்தானையால் துடைத்தாள்.

"வா தம்பி. சாப்டியா?"

"சாப்பிட்டேன்க்கா. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அந்த ஓடைல ஈயம் இருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

"முன்னாடின்னா? ஆஸ்பத்திரிக்கு முன்னாடியா?"

"மொத நாளுக்கு முன்னாடி."

சீப்பு முடியிலேயே நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் உச்சி வகிட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"டிரஸர் ஐயா குடுக்கச் சொன்னாரே. அன்னிக்கு நீ பக்கத்துலதான நின்னே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்க்கா."

அதிகாரி சொன்னதையெல்லாம் அவளுக்கு விளக்கினேன். தினமும் சாப்பிடுகிற ஒருவர் வேண்டியிருந்தது என்பதை, அதனால் எத்தனை பிள்ளைகள் தப்பித்தார்கள் என்பதை, நிதானமாக, அவளுக்குப் புரியும்படி சொன்னேன். முடித்த பிறகுதான் கேட்டாள்.

"உங்கக்கா மவன் ராஜு ஒரு நாளு தட்டப் பாத்துட்டு எனக்கும் வேணும்னு அழுதானே. நீ கையப் புடிச்சித் தூக்கிட்டுப் போனியே. அது எதுக்கு?"

"ஒப்பிட்டுப் பாக்க ஒரு புள்ள வேணும்க்கா. இல்லன்னா நம்ப மாட்டாங்க."

"அதுக்கு அவன். இதுக்கு எம்புள்ள."

"நீங்க ஒருத்தங்கதான் என்னை எதுவும் கேக்க மாட்டீங்க," என்றேன். அதைப் பாராட்டாகத்தான் சொன்னேன்.

அவள் வாரி முடிக்காத தலையோடு பிள்ளையைத் தூக்கி நிறுத்தினாள். சந்திரிகா என்னைப் பார்த்துவிட்டாள். தொங்கும் கையை உயர்த்தப் பார்த்தாள். 'மா' என்ற எழுத்து மட்டும் வந்தது, அடுத்தது வரவில்லை. அக்கா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, பிள்ளையை முன்னால் நடக்கவிட்டு, தானும் உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு கீழ்த்தாழ்ப்பாளும் விழுந்தது. பகலில் லயத்தில் யாரும் தாழ்ப்பாள் போடுவதில்லை. பிள்ளைக்கு இன்னும் நடை நிலைக்கவில்லை, வெளியே வந்து படியில் விழுந்துவிடும் என்று பயந்துதான் போட்டிருப்பாள்.